பத்தாவது நிறுத்தம்

லியெபாயாவில் டிராமுக்கு ஒரே தடம்.
போகும், திரும்பும்.
வழி தவற வழியில்லாத ஊர்.
ஒவ்வொரு நிறுத்தமாய் இறங்கி
எதிரே என்ன கடை, யார் சன்னல், காற்றில் என்ன வாடை என்று
வாரத்துக்கு ஒன்றாய் எழுதி ஏற்றிக்கொண்டிருந்தேன்.
ஒன்பதாவதோடு நின்றது.

பகலெல்லாம் பிறர் வேலை.
பல் மருத்துவருக்கும் டயர் கடைக்கும்
கல்லறைக்குப் பூ விற்கும் கடைக்கும்
இணையத்தில் வாசல் கட்டித் தந்தவள் நான்.
கட்டியவளையே கூட்டவும் கூப்பிட்டார்கள்.
ராத்திரி பதினொன்றரைக்கு டயர்க்கடைக்காரர்:
"டைகா, அந்தச் சிவப்பு
இன்னும் கொஞ்சம் சிவப்பாக."
மாற்றினேன்.
"இன்னும் கொஞ்சம்."
மாற்றினேன்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்
ஓர் அரைப்புள்ளி வைக்க வேண்டியிருந்தது.
அது ஒன்றுதான் பாக்கி.
விரல் விசைமேல் இருந்தது
நாற்பது நிமிடம்.
காபியில் ஆடை படர்ந்தது.
வைக்கவில்லை.

எரிந்து தீர்ந்துவிட்டாய் என்று சீட்டெழுதினாள் டாக்டர்.
எரிந்திருந்தால்
யாராவது குளிர்காய்ந்திருப்பார்களே.
ஈர விறகு நான். புகைந்தேன்.
வீட்டிலிருந்தவர்களுக்குக் கண் கரித்தது.
ராய்டிஸ் ஒன்றும் கேட்கவில்லை.
சூப்பைச் சூடாக்கினான்.
கணினிமேல் மேசைவிரிப்பைப் போட்டான்
இருட்டியதும் கிளிக்கூண்டை மூடுவார்களே, அப்படி.

பதினொரு மாதம்
துறைமுகத்துப் புகைக்கொட்டகையில் மீன் கோத்தேன்.
கண் வழியே கம்பி. அடுத்த மீன். கண் வழியே கம்பி.
நூறு மீன் கோத்தால் நூறு மீன் கோத்ததாக இருந்தது.
யாரும் இன்னும் கொஞ்சம் மீனாக என்று கேட்கவில்லை.
அடுப்பைப் பார்த்துக்கொண்ட வெல்டா
தொட்டித் தண்ணீரில் முக்கி முக்கி
ஆல்டர் கட்டைகளை உள்ளே தள்ளுவாள்.
காய்ந்தது எதற்கு, என்பாள்,
சடசடவென்று எரிந்து மீனைக் கருக்கிவிடும்.
தலைமுடியில் அந்த வாசத்தோடு வீட்டுக்கு நடப்பேன்.
பூனைகள் பின்னால் வரும்.

செப்டம்பரில் மேசைவிரிப்பை எடுத்தேன்.
சாப்பாட்டு மேசைக்கு அது தேவைப்பட்டது,
வேறு காரணம் இல்லை.

கடவுச்சொல் மறந்திருந்தது.
முதல் பூனையின் பெயர் என்ன என்றது.
சொன்னேன். தவறு என்றது.
என் பூனையைப் பற்றி என்னிடமே.
மூன்றாம் முறை சின்ன எழுத்தில் அடித்ததும் திறந்தது.
நூற்று அறுபத்து மூன்று புதுப்பிப்புகள் காத்திருந்தன.
பத்தொன்பது இணைப்புகள் செத்திருந்தன.
சான்றிதழ் காலாவதி. ஆகவே
நான் எழுதிய பக்கத்துக்குள் நானே நுழையப் போக
இந்த இடம் பாதுகாப்பானதல்ல,
திரும்பிப் போங்கள் என்றது திரை.
சிரித்தேன்.
பக்கத்து அறையில் ராய்டிஸ் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தான்.

பல் மருத்துவர் பக்கத்தில்
ஜூன் இருபத்து மூன்று, இருபத்து நான்கு விடுமுறை.
போன வருஷத்து ஜூன்.
பனிக்காலம் முழுக்க
கோடைத் திருவிழாவுக்கு மூடியே கிடந்திருக்கிறது அந்தக் கதவு.
யாரும் கவனிக்கவில்லையாம். பல் வலித்தவர்கள் நேரே வந்துவிட்டார்களாம்.
இதற்கா நான் தூங்காமல் கிடந்தேன்?
அந்த வரியை அழித்தேன்.
அழிக்க ஒரு நொடி.
அன்றைக்கு அது போதும் என்று மூடினேன்.

வியாழக்கிழமை பத்தாவது நிறுத்தத்தில் இறங்கினேன்.
சொல்லும்படி ஒன்றுமில்லை.
ஒரு மருந்துக்கடை. பூட்டிய பெட்டிக்கடை.
ஒற்றைக் கையுறை, யாரோ எடுத்து வேலிக்கம்பியில் மாட்டியது,
காற்று அதற்குள் புகுந்து
ஐந்து விரலையும் நிமிர்த்தியது, விட்டது, நிமிர்த்தியது.
மூன்று வரி எழுதினேன்.
மூன்றாவதின் நடுவில்
ஓர் அரைப்புள்ளி கேட்டது;
வைத்தேன்.

பதினொன்றரைக்குப் போன் அடித்தது. டயர் கடை.
அடித்து ஓயட்டும் என்று விட்டேன்.
காலையில் பேசினேன்:
சிவப்பு சிவப்பாகத்தான் இருக்கிறது.

பதினோராவதில் எப்போது இறங்குவேன், தெரியாது.
மழை பெய்தால்
இறங்க மாட்டேன்.